காந்த அறை வாசலில் ஒரு மஞ்சள் கயிறு

போன ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில், ஒரு புதன்கிழமை காலை, சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு ஸ்கேன் நிலையத்தில் இது நடந்தது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பிள்ளைகளே, உங்களுக்கு விடுமுறை என்றால் எனக்கும் விடுமுறை. அதனால்தான் என் மனைவிக்கு ஸ்கேன் எடுக்க அந்த மாதத்தில் நாள் கேட்டு வாங்கியிருந்தோம்.

செங்காங்கில் என் பேருந்தில் ஏறும் பிள்ளைகளிடம், பெரியவர்களானதும் என்ன வேலைக்குப் போவீர்கள் என்று சும்மா கேட்பேன். மருத்துவமனையில் வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் இரண்டு பதில்தான் சொல்வார்கள். டாக்டர், இல்லாவிட்டால் நர்ஸ். உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய எனக்கும் அந்த இரண்டுதான் தெரியும். அன்றைக்குப் பார்த்த பெண் இரண்டும் இல்லை. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் என் மனைவியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் ஒரு பாலர் பள்ளியில் சமைக்கிறாள். ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே இடது கை மரத்துப் போகத் தொடங்கியது. முதலில் கரண்டி நழுவியது. அப்புறம் சட்டையில் பொத்தான் போட முடியாமல் மகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். மே மாதத்தில் நடக்கும்போதே கால் பின்னியது. மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பலதுறை மருந்தகத்து டாக்டர்கள் பார்த்துவிட்டுச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் அவளுடைய முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார். கழுத்துக்குள் ஏதோ ஒன்று நரம்பை அழுத்துகிறது, எங்கே எவ்வளவு என்று படம் பார்த்தால்தான் தெரியும், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துவிட்டு வாருங்கள் என்றார். தாமதித்தால் கை மட்டுமல்ல, நடையும் போய்விடலாம் என்றும் சொன்னார்.

முதல் தடவை அவள் தனியாகத்தான் போனாள். நான் பேருந்தில் இருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்தாச்சா?”

“இல்ல. கழுத்துல ஒண்ணுமே இருக்கக் கூடாதாம். நான் கழட்ட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

தாலியைத்தான் சொன்னாள். இதைப் படிக்கும் சில பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அவளுக்கு அது வேடிக்கை இல்லை. அவளுடைய அக்காவுக்குப் பல வருடங்களுக்கு முன்பு தொண்டையில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்காகத் தாலியைக் கழற்றி வைத்தார். புண் ஆறும் வரை போட வேண்டாம் என்று ஒரு வாரம் அப்படியே விட்டிருந்தார். அந்த வாரத்தில் அக்காவின் கணவர் வேலையிடத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். மனைவிக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அக்காவின் வெறும் கழுத்தை அன்று அருகில் நின்று பார்த்தவள் அவள்.

ஆக, என் உயிருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று அவள் தன் கையையும் காலையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள். வாதாடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன். “அத நீங்க சொல்லக் கூடாது” என்றாள்.

இரண்டாவது தடவைக்கு ஜூனில் நாள் கிடைத்தது. இதையும் விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று முகப்பில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. அந்தப் புதன்கிழமை காலை, ரயிலில் போகும்போது, தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தேன்.

“சரி, கழட்டிர்றேன், விடுங்க” என்றாள். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொல்கிறவள் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்கேன் நிலையத்தில் எங்களைக் கூப்பிட வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கருநீல உடுப்பு, பின்னால் இறுக்கிக் கட்டிய முடி. நம் ஆள் என்று தெரிந்ததும் தமிழில் பேசினாள். நான் “நர்ஸ், இவங்களுக்கு நிக்கறதுக்குக் கொஞ்சம் கஷ்டம்” என்றேன்.

“சக்கர நாற்காலி கொண்டாறேன் அங்கிள். நான் நர்ஸ் இல்ல.”

“ஓ, டாக்டரா?”

“டாக்டரும் இல்ல. ரேடியோகிராபர். இந்த மெஷின ஓட்டறவ. நீங்க என்ன ஓட்டறீங்க?”

“ஸ்கூல் பஸ்.”

“அப்ப என் வேலை உங்களுக்குப் புரியும். உள்ள யாரை ஏத்தறோம்னு பார்த்துத்தான் ஏத்தணும்.”

பிறகு மனைவியிடம் கேள்விகளைத் தொடங்கினாள். இதயத்தில் கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்திருக்கிறதா, உடம்பில் தகடு, திருகு ஏதாவது உண்டா, தலையில் கொண்டை ஊசி, காலில் மெட்டி. மெட்டியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் சலித்துக்கொண்டாள்.

“இதெல்லாம் வெளியவே கேட்டுட்டாங்கலா. எத்தன தடவ கேப்பீங்க?”

“கதவுகிட்ட இன்னொரு தடவையும் கேப்பேன் ஆண்டி. கோச்சுக்காதீங்க.”

பிள்ளைகளே, எம்ஆர்ஐ என்பது சுரங்கப்பாதை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ஒரு பெரிய காந்தம். உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் காந்தம் ஒரு குண்டூசியை இழுக்கும். இந்தக் காந்தம் ஒரு நாற்காலியையே இழுத்துவிடும். வேலை செய்யாமல் சும்மா நிற்கும்போதும் இழுக்கும். அதை அணைத்து வைக்க முடியாது. அதனால் அந்த அறைக் கதவுக்கு உள்ளே எது போகிறது என்று பார்ப்பது அந்தப் பெண்ணின் வேலையில் பாதி.

மனைவியை உடை மாற்ற அழைத்துப் போனார்கள். நான் வெளியே உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு சீன முதியவர், முழங்காலில் உறை போட்டுக்கொண்டு, தொலைபேசியில் ஏதோ சமையல் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மட்டும் வெளியே வந்தாள். அவசரமாக வரவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அங்கிள், ஆண்டியோட செயின் உங்ககிட்டதான் இருக்கா?”

“இல்லையேம்மா. உள்ள லாக்கர்ல வெச்சிருப்பா.”

“லாக்கர்ல பர்ஸும் கண்ணாடியும்தான் இருக்கு. தாலிய அவர்கிட்ட குடுத்துட்டேன்னு சொல்றாங்க.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் கழற்றியிருக்கிறாள், ஆனால் உடம்பை விட்டு எடுக்கவில்லை. எங்கேயோ செருகி வைத்திருக்கிறாள். பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

“செயினக் கழட்டினவங்க கை சும்மா இருக்காது அங்கிள். இருவது வருசமா கழுத்துல கெடந்தது இல்லன்னா கை தானா மேல போகும், தேடும், அப்புறம் இறங்கும். நான் எத்தனையோ ஆண்டிங்களப் பார்த்திருக்கேன். இவங்க கை ஒரு தடவகூடக் கழுத்துக்குப் போகல. இடுப்பத்தான் பிடிச்சிட்டிருக்காங்க.”

“உள்ள போயிருந்தா?”

“வாசல்ல ஒரு கருவி இருக்கு. அது சத்தம் போட்டிருக்கும். ஆனா அது சத்தம் போடும்னு நம்பி நான் ஒருத்தரையும் கதவுகிட்ட விட மாட்டேன்.”

என்னை உள்ளே கூட்டிப் போனாள். காந்த அறைக்கு வெளியே ஒரு சின்ன இடம். அங்கே நாற்காலியில் மனைவி மருத்துவமனை உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மனைவியே கால்சட்டையின் நாடாவுக்குள்ளிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள்.

தாலிச் சங்கிலி. அதில் வழக்கம் போலக் கொத்தாகத் தொங்கின ஊக்குகள். சின்னது, பெரியது, ஒன்று பச்சை நிறம். உங்கள் அம்மாவிடமும் பார்த்திருப்பீர்கள். சேலை நழுவினால், பிள்ளையின் பள்ளிச் சட்டையில் பொத்தான் அறுந்தால், சட்டென்று எடுக்க வசதி என்று நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டி வைப்பது பழக்கம். என் மனைவி தாலியைப் பற்றித்தான் இத்தனை நாளும் யோசித்திருந்தாள். ஊக்கு அவள் கணக்கிலேயே இல்லை.

அந்தப் பெண்ணின் கண் தங்கத்தின் மேல் போகவில்லை. ஊக்குகளைத்தான் பார்த்தாள்.

“தங்கத்த காந்தம் இழுக்காது ஆண்டி. அது சூடாகும், படத்தக் கெடுக்கும், அதான் வேணாங்கறோம். இந்தப் பின்னு அப்படி இல்ல. பறக்கும். நீங்க படுத்திருப்பீங்க, தலை உள்ள இருக்கும். அது எந்தப் பக்கம் பறக்கும்?”

மனைவி என்னைக் காட்டிச் சொன்னாள்.

“அரை மணி நேரத்துல என்ன ஆயிடப் போவுதுன்னு இவரு சொல்லுவாரு. எங்கக்காவும் ஒரு வாரத்துக்குத்தான் கழட்டுனா.”

அக்காவின் கதையை அவளே இரண்டு வரியில் சொன்னாள். அந்தப் பெண் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஆறுதலும் சொல்லவில்லை. வெளியே அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தாலும் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் குந்திய நிலையிலேயே ஒரு கேள்வி கேட்டாள்.

“செயின் அறுந்துபோனா பத்த வைக்கக் கடையில குடுப்பீங்கல்ல? அப்ப என்ன பண்ணுவீங்க?”

“மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டுத்தான் அதக் கழட்டுவோம். கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது.”

“இப்பவும் அதையே பண்ணுங்க.”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “போன தடவ ஒண்ணுமே கூடாதுன்னாங்களே.”

“கயிறப் பத்தி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. இரும்பு கூடாது, நகை கூடாது. பருத்தி நூலு என் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. எங்கம்மாவும் கடைக்குக் குடுக்கறப்ப கயிறுதான் கட்டிக்குவாங்க. எங்க தாலில சிலுவை இருக்கும். கயிறு அதே கயிறுதான்.”

அந்தப் பெண் வெளியே போய்ச் சீன முதியவரிடம் பேசினாள். அவர் தன் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தவர். அவளோடு வேலை செய்யும் இன்னொருவர் முதலில் அவரை எடுத்துவிட, அடுத்து அவள் எங்களை எடுப்பதாக ஏற்பாடு. அவர் காணொளியை நிறுத்திவிட்டு உடனே எழுந்துவிட்டார். சீக்கிரம் முடிந்தால் அவருக்கும் நல்லதுதான்.

“பன்னண்டு மணிக்கு ராகு காலம்” என்றாள் மனைவி, யாரிடம் என்று இல்லாமல்.

“அங்கிள் ஓடிட்டு ஓடியாந்தா அதுக்குள்ள முடிஞ்சிரும்” என்றாள் அந்தப் பெண். “ஜரிகை போட்டது வாங்காதீங்க. மஞ்சள்ல நனைச்ச வெறும் நூலு. தங்கக் காசு, மணி ஒண்ணும் கோக்கக் கூடாது. மஞ்சள் கிழங்கு கட்டிக்கலாம்.”

நான் ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கும் வயிற்றுக்கும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. தேக்கா பக்கம் ஒரு பூக்கடையில் நின்று, மூச்சு வாங்க, தாலிக் கயிறு வேண்டும் என்றேன். மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

“யாருக்குண்ணே கல்யாணம்?”

“எனக்குத்தான்.”

“இந்த வயசுலயா? பொண்ணு யாரு?”

“அதே பொண்ணுதான்மா. ஸ்கேன் எடுக்கணும். செயின் போடக் கூடாதாம்.”

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மேலே தொங்கிய கட்டிலிருந்து எடுக்கப் போனவர், அதை விட்டுவிட்டு உள்ளே போய், வேறொரு கயிறு கொண்டு வந்தார். மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார், இன்னொன்றை எடுத்தார். இரண்டு பக்கமும் முளை இருப்பது நல்லது என்று சொல்லி அதைக் கயிற்றின் நடுவில் கட்டியே கொடுத்தார். திரும்பி வரும் வழியில் சாலை விளக்குக்காக நின்றபோது கயிற்றை விரித்து நன்றாகப் பார்த்தேன். ஜரிகை இல்லை, மணி இல்லை. சரியாகத்தான் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அதை வாங்கி விரல்களால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உருவிப் பார்த்தாள். ஒரு கோடியில் விரல் நின்றது. கடைக்கு அனுப்பும்போது அடையாளத்துக்கு ஒரு சின்னக் காகிதத் துண்டு வைத்திருப்பார்கள் போல. காகிதம் கிழிந்து போயிருந்தது. அதைக் குத்தியிருந்த மெல்லிய கம்பி மட்டும் நூலுக்குள் மறைந்து கிடந்தது. நகத்தால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தாள். கயிற்றை மறுபடி முதலிலிருந்து உருவினாள்.

“கிழக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் மனைவி.

பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மின்தூக்கி இருக்கற பக்கம்” என்றாள். என் மனைவி மின்தூக்கியைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று கயிற்றைக் கழுத்தில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். கல்யாணத்தன்று மேளச் சத்தத்தில் எப்படிக் கட்டினேன் என்றே ஞாபகம் இல்லை. அன்று குளிரூட்டியின் சத்தம் மட்டும்தான். விரல் வியர்த்து இரண்டாவது முடிச்சு வழுக்கியது. “இறுக்கிக் கட்டுங்க, அவசரமில்ல” என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துச் சீன முதியவர் ஸ்கேன் முடிந்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

“வெட்டிங் ஆ?”

“செகண்ட் டைம் அங்கிள். சேம் ஹஸ்பண்ட்” என்றாள் அந்தப் பெண்.

அவர் என்னிடம் வந்து கை குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி சிரித்துவிட்டாள். பல வாரங்களாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் கைக்குட்டையோடு சங்கிலியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். கதவருகே அந்தப் பெண் எல்லாக் கேள்விகளையும் திரும்பக் கேட்டாள். இந்தத் தடவை மனைவி சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் அவளுடைய வலது கை தானாக மேலே போனது. கழுத்தைத் தேடி, கயிற்றைத் தொட்டு, இறங்கியது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

உள்ளே என்ன நடந்தது என்பது மனைவி பிறகு சொல்லித்தான் தெரியும். ஏதாவது வேண்டுமென்றால் அழுத்திக் கூப்பிடுவதற்கு அந்தப் பெண் கையில் ஒரு ரப்பர் உருண்டை கொடுத்திருக்கிறாள். கட்டட வேலை நடப்பது போலச் சத்தம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் தமிழில் வந்திருக்கிறது. இப்போது கொஞ்சம் நீளமான சத்தம் வரும், எச்சில் விழுங்காமல் இருக்கப் பாருங்கள், கழுத்து அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று. முடிந்ததும் நல்லாப் பண்ணீங்க ஆண்டி என்று.

வெளியே வந்ததும், எல்லாரும் கேட்பது போல நானும் கேட்டேன்.

“படத்துல என்னம்மா தெரியுது?”

“அத நான் சொல்லக் கூடாது அங்கிள். எடுக்கறது நான். படிச்சுச் சொல்றது டாக்டர்.”

“அப்ப நாங்க வீட்டுக்குக் கெளம்பலாமா?”

“வேணாம். கீழ போய் ஏதாச்சும் சாப்பிட்டுட்டு இங்கயே வந்து உட்காருங்க. போனக் கையிலயே வெச்சிருங்க. ஆண்டிய நடக்க விடாதீங்க, சக்கர நாற்காலிலயே கூட்டிப் போங்க.”

அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் நானும் வண்டி ஓட்டுகிறவன். விரைவுச்சாலையில் முன்னால் ஏதாவது கோளாறு தெரிந்தால், பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டாமல் நானும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வேன். மனைவியிடம் எதுவும் சொல்லாமல் கீழே அழைத்துப் போய்த் தோசை வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள்.

அந்தப் பெண் படத்தில் பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. எங்களைக் கீழே அனுப்பிய உடனே, படம் படிக்கும் டாக்டரைக் கூப்பிட்டு, வரிசையில் காத்திருந்த மற்ற படங்களுக்கு முன்னால் இதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அவர் எங்கள் சிறப்பு மருத்துவரிடம் பேசியிருக்கிறார். ஒரு மணி வாக்கில் எனக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள், மாற்றுத் துணியைப் பிறகு கொண்டு வரலாம் என்றார்கள்.

கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி, தண்டுவடத்தை நன்றாக நெருக்கிப் பிடித்திருந்தது. டாக்டர் படத்தைக் காட்டினார். எனக்கே தெரிந்தது. தண்ணீர்க் குழாயை யாரோ காலால் மிதித்தது போல ஓர் இடத்தில் மட்டும் சப்பையாக இருந்தது. ஒரு தடவை லேசாக விழுந்திருந்தாலே போதும், கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோயிருக்கும் என்றார். இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால்கூட நடை திரும்புவது சந்தேகம் என்றார். அந்த வாரத்திலேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. வெட்டுவது கழுத்தின் முன்பக்கம் என்பதால் அந்தக் கயிறும் அங்கே இருக்க முடியாது. நான் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அவளே அதைக் கழற்றி என் மணிக்கட்டில் சுற்றி முடிந்துவிட்டாள். எப்படி மனம் வந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அவள் பிழைத்தாள், நடக்கிறாள். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் இரண்டு விரல் மட்டும் இன்னும் மரத்துப் போகும்.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் நான் வேலை இல்லாமல் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைக் கவனித்தேன். அறுவைக்கு மறுநாள் ஒருவர் வந்து, மனைவிக்குத் தேக்கரண்டியில் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, சரியாக விழுங்குகிறாளா என்று பார்த்தார். இன்னொருவர் அவளைப் பிடித்து நிற்க வைத்து நடத்தினார். வேறொருவர் ஒரு பலகையில் தைத்த பொத்தான்களைக் கொண்டு வந்து விரலுக்குப் பயிற்சி கொடுத்தார். அறுவை நடந்தபோது அவள் கால் நரம்புகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று ஒருவர் இருந்தாராம். இவர்களில் யாரும் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. ஒவ்வொருவரும் அந்த ஒரு வேலைக்கென்று படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டு, ஆங்கிலப் பெயர்களை மகளிடம் சொல்லுவேன்.

விடுமுறை முடிவதற்கு முன் மனைவியும் நானும் அந்த ஸ்கேன் நிலையத்துக்குப் போய், அந்தப் பெண்ணுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தோம். என்ன படித்தால் உன் வேலைக்கு வரலாம் என்று மகளுக்காகக் கேட்டேன். முதலில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய், பிறகு பட்டம் படித்ததாகச் சொன்னாள். எலும்பு, நரம்பு எல்லாம் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், காந்தம், கதிர் எப்படி வேலை செய்கிறது என்று இயற்பியல் தெரிய வேண்டும் என்றாள். “மார்க் இருந்தா மட்டும் பத்தாது அங்கிள். ஆளுங்களப் பார்க்கத் தெரியணும்.” மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

பள்ளி திறந்த பிறகு, ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் இறங்கியதும் நான் வழக்கம் போலக் கடைசி வரிசை வரை நடந்துபோய் ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது தூங்கிப் போய் உள்ளே தங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் செய்வது. கீழே நின்ற ஒரு சிறுமி, எல்லாரும் இறங்கிட்டோம்னு சொன்னேன்லா அங்கிள், என்னை நம்ப மாட்டீங்களா என்று கேட்டாள். நம்புகிறேன்மா, இருந்தாலும் பார்க்கிறேன் என்றேன். அந்த வாசலில் நின்ற பெண் என் மனைவியை நம்பவில்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கேட்டதற்கு வந்த பதிலோடு நின்றுவிடாமல் அவள் கையையும் ஒரு கணம் பார்த்தாளே, அந்த ஒரு கணத்தால்தான் என் மனைவி இன்றைக்கும் நடக்கிறாள், என் வீடும் நடந்துகொண்டிருக்கிறது.